ஐந்து கொக்கி வைத்த கறுப்பு ரவிக்கை

எனக்கு ஒரு காரியத்தைத் தொடங்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. பாதி பின்னிய கூடை, பாதி எழுதிய கடிதம், பாதி படித்த புத்தகம் என்று எங்கள் வீட்டில் எந்த மூலையில் கைவிட்டாலும் என்னுடைய பாதி ஒன்று கிடைக்கும். நான் முழுதாக முடித்த முதல் காரியம் ஒரு ரவிக்கை. அதை முடித்து நாலு வருடம் ஆகிறது. நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

பதினோராம் வகுப்பு தேறி, ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த சமயம். மன்னார்குடியில் அரிசி மில்லில் வேலை பார்த்த என் அண்ணன் ஒரு பழைய தையல் மெஷினைச் சாக்கில் சுற்றி, பஸ் கூரையில் ஏற்றி, ரோட்டிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினான். காலால் மிதிக்கிற மெஷின் இல்லை. பக்கத்தில் ஒரு சக்கரமும் கைப்பிடியும் இருக்கும். வலது கையால் சுற்றினால் ஊசி ஏறி இறங்கும். இடது கை ஒன்றுதான் துணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதர் சங்கத்தில் மூன்று மாதம் தையல் படித்தவள் என்ற ஒரே தகுதியில் அது எனக்கு வந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் இருந்த எங்கள் தெருவில் அதுதான் முதல் மெஷின். வந்த அன்றைக்கு ஆளாளுக்கு ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். நூல் கோக்காமல் சுற்றினாலும் அதற்கு ஒரு சத்தம் இருந்தது. அந்தச் சத்தமே எனக்குப் போதுமாக இருந்தது.

என்ன தைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேலை தானாக வந்து சேர்ந்தது.

மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருப்பவர்களுக்கு அந்த மனையை அவர்கள் பேரிலேயே பட்டா போட்டுக் கொடுக்கிற சட்டம் வந்த புதிது அது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் அதிகாரி வந்து விசாரிப்பார், குடியிருப்பவர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று தலையாரி தெருமுனையில் நின்று அறிவித்துவிட்டுப் போனார். மற்ற வீடுகளுக்கு வில்லங்கம் இல்லை. எங்கள் வீட்டுக்கு இருந்தது. மிராசுதாரின் காரியக்காரர், அதாவது அவருடைய நில வேலையை எல்லாம் கவனித்து எங்களை வேலைக்குக் கூப்பிடுகிறவர், எங்கள் வீடு குடிசையே இல்லை, பண்ணையின் மாட்டுக்கொட்டகை, காவலுக்காக எங்களை அதில் படுக்க விட்டிருக்கிறோம் என்று மனுக் கொடுத்திருந்தார். என் அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்று கூலி பேசுகிறவர் என்பதுதான் அந்த மனுவுக்குக் காரணம் என்று ஊருக்கே தெரியும்.

ஆனால் விசாரணையில் அப்பா பேச முடியாது. அவர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வீட்டைக் கட்டியது அம்மாவின் அப்பா. அதில் பிறந்து வளர்ந்தது அம்மா. ஆகவே அம்மாதான் போய் நிற்க வேண்டும், அம்மாதான் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் அப்பா இதை எடுத்துச் சொன்னபோது அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே, வருகிறேன், ஆனால் ரவிக்கை போட்டுக்கொண்டுதான் வருவேன் என்றாள்.

எங்கள் தெருவில் அம்மா வயதுப் பெண்கள் யாரும் ரவிக்கை போட்டதில்லை. போடக் கூடாது என்று இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள். இப்போது தடுக்க ஆளில்லை என்றாலும் உடம்புக்குப் பழகவில்லை. பள்ளிக்கூடம் போன நாங்கள் போட்டோம், அவர்கள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அதனால் அப்பா சிரித்தார். பக்கத்து வீட்டு அத்தை சிரித்தாள். நடவில் அம்மாவுக்குப் பக்கத்து ஆள் அவள், வாயிலும் அம்மாவுக்குச் சளைக்காதவள். இந்த வயதில் என்ன புது மோஸ்தர் என்று கேட்டாள்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அந்த மனுசரு முன்னாடி இத்தினி வருசமா எப்புடி நின்னேனோ அப்புடியே போயி நின்னேன்னா, அவரு பாட்டுக்கு ஒரு அதட்டு அதட்டுவாரு. பழக்கதோசத்துல எனக்கும் வாய் மூடிக்கும். அன்னிக்கு வேற மாதிரி நிக்கணும், அவ்வளவுதான்."

யாரும் அதற்கு மேல் சிரிக்கவில்லை. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. நாலே நாளில் தைத்துவிடுகிறேன் என்று அறிவித்தேன். அது வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளிக்கு முழுசாக ஆறு நாள் இருந்தது. நோட்டுத்தாளில் அட்டவணை போட்டேன். சனி அளவு. ஞாயிறு வெட்டு. திங்கள் தையல். செவ்வாய் கொக்கி. மீதி நாட்களில் பார்த்து ரசிப்பது என்று உண்மையாகவே எழுதி வைத்தேன்.

மாதர் சங்கத்தில் எங்களுக்கு ரவிக்கை தைக்கச் சொல்லிக் கொடுத்ததே, போட்டுப் பழகிய ஒரு ரவிக்கையை அளவுக்கு வைத்துக்கொண்டுதான். அம்மாவுக்கு அப்படி ஒன்று ஏது? உடம்பில்தான் அளவெடுக்க வேண்டும். உடம்போ வீட்டில் இருப்பதில்லை. குறுவை நடவு நேரம், விடிவதற்குள் போய்விடுவாள். எனவே சனிக்கிழமை காலையில் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேனாவைத் தலையில் செருகிக்கொண்டு வயலுக்கே போனேன்.

அம்மா சேற்றுக் கையோடு வரப்பில் ஏறி, இரண்டு கையையும் பறவை மாதிரி விரித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் குனிந்திருந்த அத்தனை பெண்களும் நிமிர்ந்தார்கள். அப்படியே பாவாடை தாவணிக்கும் அளவெடுத்துவிடு என்றாள் ஒருத்தி. பெண் பார்க்க எப்போது வருகிறார்கள் என்று விசாரித்தாள் இன்னொருத்தி. அம்மா கையை விரித்தபடியே இரண்டு பேருக்கும் பதில் கொடுத்தாள், அதை இங்கே எழுத முடியாது. மார்பு, இடுப்பு, தோள், கை நீளம் என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே என் இடது முழங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். அம்மாவின் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் அகலம் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். கட்டுச் சுமக்கிற தோள். அதையும் எழுதினேன், இரண்டு கோடும் போட்டேன். ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் போல இருந்தது எனக்கு.

திரும்பிப் போகிற என்னை அத்தை கூப்பிட்டு, வந்தது வந்தாய், அந்த நாற்றுமுடிகளை இந்தப் பக்கம் எறிந்துவிட்டுப் போ என்றாள். நாலு முடி எறிந்தேன். நன்றாக விழுந்தது. சரியாக ஒவ்வொருத்தி பின்னாலும் ஒன்று விழுகிற மாதிரி எறிய முடிகிறதா என்று பார்க்கிற ஆசையில் நாற்பது எறிந்தேன். வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தால் முழங்கை வரைக்கும் நீல நிறமாக இருந்தது, ஒரு எண் கூட இல்லை. அந்த இரண்டு கோடு மட்டும் லேசாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா இன்றைக்கு வீட்டில்தான் இருக்கிறாள், மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று மெஷினுக்கு எண்ணெய் போட்டு உட்கார்ந்தேன். அப்பா ஒரு சிவப்புத் துணிச் சுருளோடு வந்தார். அறுவடைக் கூலி இந்த வருடமாவது பேசியபடி கிடைக்க வேண்டும் என்று சங்கத்து ஊர்வலம். இருபத்தைந்து கொடி வேண்டும். நம் வீட்டில்தான் மெஷின் இருக்கிறதே என்று என்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"ஒன்னும் அவசரமில்ல பாப்பா," என்றார். "நாளைக்குக் காலையில கெடச்சாப் போதும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆசைதான் வந்தது. கொடி என்றால் எல்லாம் நேர்த் தையல். மூன்று பக்கம் மடித்து அடிக்க வேண்டும், நாலாவது பக்கம் கம்பு நுழைய உறை வைக்க வேண்டும். பத்தாவது கொடியில் மெஷின் எனக்கு வசப்பட்டது. சக்கரம் ஒரே சீராகச் சுற்றியது, துணி தானாக நழுவிப் போனது, தையல் கோடு வரப்பு மாதிரி நேராக விழுந்தது. பொழுது சாய்வதற்குள் இருபத்தைந்தும் முடிந்தது. மறுநாள் ஊர்வலம் எங்கள் தெரு வழியாகப் போனபோது நான் கோஷத்தைக் கேட்கவே இல்லை, என் தையல்களை எண்ணிக்கொண்டு நின்றேன். ஒரே ஒருவர் மட்டும் கொடியைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு போனார். அவருடைய கொடியில் உறையின் இரண்டு வாயையும் சேர்த்து அடித்துவிட்டேன், கம்பு நுழையவில்லை.

ஆக, திங்கள் முடிந்துவிட்டது. அம்மாவின் ரவிக்கை இன்னும் ஒரு முழுத் துணியாகவே மடித்த மேனிக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா சாப்பிட உட்கார்ந்தபோது பிடித்துக்கொண்டேன். அவள் சாப்பிடச் சாப்பிட அளவெடுத்தேன். மூச்சுவிடுவதற்கு இரண்டு விரல் கூட வை என்றாள். சரி என்றேன். இந்த முறை நோட்டிலேயே எழுதினேன். அம்மா கிளம்பியதும் துணியைத் தரையில் விரித்தேன். கறுப்புத் துணி. அண்ணன் மன்னார்குடிக் கடை ஒன்றில் கட்பீஸாக வாங்கிக் கொடுத்தது. வேறு நிறமும் இருந்ததாம், சேறு பட்டால் தெரியாது என்று அம்மாதான் கறுப்பைச் சொல்லியிருந்தாள். கறுப்பில் பென்சில் தெரியாதே. அப்பாவின் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து விரலால் கோடு போட்டேன். முன்பாகம், பின்பாகம் இரண்டும் வெட்டி முடித்தேன். அருமையாக வந்தது. மீதித் துணியை இரண்டாக மடித்துக் கைக்குக் கோடு போட்டுக் கத்தரிக்கோலை வைத்தேன்.

அப்போது ரோட்டில் ஒலிபெருக்கி கட்டிய கார் வந்தது.

ஆளுங்கட்சிக் கூட்டம் எங்கேயோ. எனக்குக் கூட்டத்தில் அக்கறை இல்லை, நோட்டீஸில்தான். அச்சடித்த காகிதம் எதைப் பார்த்தாலும் எனக்குப் படித்தாக வேண்டும், மளிகை கட்டிவந்த தாளைக்கூட விடமாட்டேன். கார் ஜன்னலிலிருந்து ரோஸ் நிற நோட்டீஸ்களை அள்ளி எறிந்துகொண்டே போனார்கள். தெருவே ஓடியது, கத்தரிக்கோலோடு நானும் ஓடினேன். மூன்று பிடித்தேன். மூன்றிலும் ஒரே விஷயம்தான் என்று தெரிந்தும் மூன்றையும் படித்தேன். பேச்சாளர்களுக்குப் போட்டிருந்த பட்டங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, அதே தாளத்தில் கத்தரிக்கோலை ஓட்டினேன். சுண்ணாம்புக் கோட்டின் மேல் அல்ல, நான் முதலில் தப்பாகப் போட்டு அழித்திருந்த கோட்டின் மேல். துணி இரண்டு மடிப்பு என்பதால் இரண்டு கையும் ஒரே வெட்டில் போயிற்று. நாலு விரற்கடை குட்டை, அதுவும் சாய்வாக.

மேற்கொண்டு துணி இல்லை. அம்மா முழங்கைக்கு மேலே ஒரு சாண் மறைந்தாக வேண்டும் என்று திட்டமாகச் சொல்லியிருந்தாள். நான் கொஞ்ச நேரம் அந்த இரண்டு துண்டையும் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன், என் கணக்குக்கு அது பெரிய நேரம். அப்புறம் மெஷினுக்கு அடியில் கிடந்த சிவப்பு என் கண்ணில் பட்டது. கொடி வெட்டி மிஞ்சிய பட்டிகள்.

வாரப் பத்திரிகை அட்டையில் கையோரத்தில் வேறு நிறத்தில் பட்டி வைத்த ரவிக்கையைப் பார்த்திருக்கிறேன். பட்டணத்தில் அதுதான் புதுசு என்று போட்டிருந்தது. ஆகா, என் அம்மாவுக்கும் அப்படி. அகலமாக ஒரு சிவப்புப் பட்டியை ஒட்டுப் போட்டால் நீளமும் சரியாகும், சாய்வும் மறையும். இவ்வளவு நல்ல யோசனை தப்பாக வெட்டாமல் வந்திருக்குமா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அன்றைக்கே இரண்டு கைக்கும் பட்டியை அடித்து முடித்தேன். ஒவ்வொரு கையும் மேலே கறுப்பு, கீழே சிவப்பு. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

புதன்கிழமை அத்தை கிழிந்த சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊர்க் கொடி எல்லாம் தைக்கிறாய், இந்த ஒரு கிழிசலைப் போட்டுத் தரமாட்டாயா என்றாள். சாக்கு மெஷினில் ஏறாது, கோணி ஊசியில்தான் தைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏறினால் எப்படி இருக்கும் என்று பார்க்கவும் ஆசை. மூன்றாவது சுற்றில் ஊசி முறிந்தது. இருந்தது அந்த ஒரே ஊசி. பஸ் பிடித்து மன்னார்குடி போனேன். ஊசி வாங்கக் கால்மணி நேரம் ஆனது. நூலகத்தில் இரண்டு மணி நேரம் ஆனது. அதனால் பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸுக்கு இன்னொரு மணி நேரம். வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை. உள்ளே வந்து, வெட்டிக் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். முதுகுத் துண்டை முன்னால் வைத்துப் பார்த்தாள்.

"வியாழன் ஒரு நாளுதான் இருக்கு," என்றாள். "இது ஒன்னாச் சேராட்டி நான் போவல. மாட்டுக்கொட்டான்னே எழுதிட்டுப் போவட்டும்."

அம்மா பயமுறுத்துகிற ஆள் இல்லை. சொன்னால் சொன்னதுதான். அந்த நிமிடத்தில்தான் எனக்கு முதல்தடவையாக உறைத்தது. இதுவரைக்கும் நான் மெஷினோடு விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மா இதை நம்பிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை எழுந்ததும் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். யாரோ கடிதம் படிக்கக் கூப்பிட்டார்கள், நாளைக்கு என்றேன். வாய்க்காலில் தண்ணீர் மாறுகிறது, மடையைப் பார் என்று ஒரு சத்தம், போகவில்லை. மறுபடி ஒரு கார் ஒலிபெருக்கியோடு போனது. அதற்கும் எழுந்திருக்கவில்லை, இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன். தோளைச் சேர்த்தேன், பக்கத்தைச் சேர்த்தேன், கையைப் பொருத்தினேன். வலது தோளுக்கு ஒரு விரல் கூட விட்டேன். மதியத்துக்குள் அது துணி என்பது போய் ரவிக்கை ஆகிவிட்டது. கழுத்தை ஊசி நூலால் எம்மிங் செய்து, முன்பட்டியில் ஐந்து கொக்கி வைத்தேன். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்தபோது எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது. குதிக்கவும் குதித்தேன்.

அம்மா வயலிலிருந்து வந்து குளித்துவிட்டுப் போட்டுப் பார்த்தாள். கொக்கியை மேலேயிருந்து போட்டுக்கொண்டு வந்தாள், கடைசியில் ஒரு கொக்கி மிச்சம், ஓட்டை இல்லை. அவிழ்த்து மறுபடி கீழேயிருந்து தொடங்கினாள். நான் உதவிக்குப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். மூன்றாம் தடவை சரியாக வந்தது. கண்ணாடி சின்னது, முகம் மட்டும்தான் தெரியும். அதனால் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் அத்தை வந்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். நன்றாயிருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்லாமல் அம்மாவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"ஏண்டி பாப்பா," என்றாள் என்னிடம், "உங்கப்பன் ஒரு கட்சி, உங்கம்மாவுக்கு ஒரு கட்சியா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேலே கறுப்பு, கீழே சிவப்பு. ஆளுங்கட்சிக் கொடி அப்படியே, கைக்கு ஒன்றாக. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் நிறத்தை வெறும் நிறமாகப் பார்ப்பவர்கள் யாரும் இல்லை. வேட்டிக் கரையை வைத்தே ஒருவர் எந்தக் கூட்டத்துக்குப் போகிறவர் என்று சொல்லிவிடுவார்கள். மூன்று நாளாக அதை மடியில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் அது பத்திரிகை அட்டையாகவே தெரிந்திருக்கிறது. அப்பா வெளியே வந்து பார்த்தார். சங்கத்துக்காரன் வீட்டில், சங்கத்துக் கொடி வெட்டிய துணியிலேயே, அவர்களுடைய கொடியா என்று கேட்டார். கூலி விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் அப்போது பேச்சே சரியில்லை. பட்டியைப் பிரித்துவிடு என்றார். பிரித்தால் கை நாலு விரல் குட்டை, கோணல். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "இத மாட்ட எனக்கு மூணு தரம் ஆச்சு. இனிமே கழட்ட மாட்டேன். எவங்கொடின்னு கேட்டா எம்மவ தச்சதுன்னு சொல்லிக்கிறேன், நடங்க."

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிராமக் கணக்கு எழுதுகிற கர்ணம், பதிவேட்டோடு. காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அம்மாவைப் பார்த்ததும் அவர் கண் முதலில் அம்மாவின் கைக்குப் போனது, அப்புறம் அப்பாவின் முகத்துக்கு, மறுபடி கைக்கு. என்ன உடன்பாடு நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஓரமாக நின்ற ஆளுங்கட்சிக் கிளைக்காரர் ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் அவர் சிரித்த முகமாக அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அப்பா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மனையின் முறை வந்தது. காரியக்காரர் அதிகாரியிடம் மரியாதையாகச் சொன்னார். அது பண்ணை மாட்டுக்கொட்டகை, இவர்கள் காவலுக்கு இருந்தவர்கள், வீடு என்று ஒன்று அங்கே கிடையாது. சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பி, எல்லாம் தெரிந்தும் இங்கே வந்து நிற்கிறாயா என்று ஒரு அதட்டு அதட்டினார். அம்மா பயந்தது அந்த அதட்டலுக்குத்தான்.

அம்மா வாய் திறக்கவில்லை. அவள் கை தானாகச் சேலைத் தலைப்பைத் தேடித் தோளுக்குப் போனது, இழுத்துப் போர்த்த. அங்கே ரவிக்கை இருந்தது. கை அதன் மேல் ஒரு நொடி நின்றது, அப்புறம் இறங்கியது.

"ஏங்க," என்றாள் அம்மா, குரலை உயர்த்தாமல். "நடவுன்னும் அறுப்புன்னும் தெனம் விடியக்காலம் எங்க வாசல்ல வந்து நின்னு, ஏய், எழுந்து வான்னு கூப்புட்டீங்களே. அப்ப மாட்டையா கூப்புட்டீங்க?"

தாழ்வாரம் முழுக்கச் சிரித்தது. கர்ணம் பதிவேட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. தினமும் வாசலில் வந்து கூப்பிட்டது உண்மையா என்று காரியக்காரரைக் கேட்டார். அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். இல்லை என்று சொல்ல முடியாதபடி அங்கே அவர் கூப்பிட்டு எழுந்த நாற்பது பேர் நின்றார்கள். வேலைக்குக் கூப்பிட்டது உண்டு என்றார். அம்மா அதோடு விடவில்லை. தன் அப்பா எந்த வருடத்து வெள்ளத்துக்கப்புறம் சுவர் எடுத்தார், எந்தப் பக்கத்துச் சுவர் இரண்டு தடவை விழுந்தது, மாட்டுக்கொட்டகை எங்கள் வீட்டுக்குப் பின்னால் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். எழுதியதை வாசித்துக் காட்டினார். குடியிருப்பு உண்டு, இந்த அம்மாள் பேரில், என்று முடிந்தது. பட்டா கைக்கு வர மேலும் ஆறேழு மாதம் ஆனது, ஆனால் அந்த வரி அன்றைக்கே எழுதியாகிவிட்டது.

கைரேகை வைக்க அம்மா மேஜைக்கு எட்டிக் கையை நீட்டினாள். டர்ரென்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. அக்குள் தையல். அம்மா சொன்ன அந்த இரண்டு விரலை நான் விடவே இல்லை. அம்மா மையோடு விரலை ஊன்றிவிட்டு, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி திரும்பி நடந்தாள். வழியில் கிளைக்காரர், அக்கா எப்போதிலிருந்து நம் ஆள் என்று கேட்டார். மகள் தைத்தது என்றாள் அம்மா. அவருக்கு அது பதிலாகப் படவில்லை, ஆனாலும் கும்பிட்டார்.

அன்று மத்தியானம் அக்குளைப் பிரித்து, வேறு துண்டு வைத்து, மறுபடி தைத்தேன். இடையில் ஒருதரம் கூட எழுந்திருக்கவில்லை. சிவப்புப் பட்டியைப் பிரிக்கட்டுமா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் வெற்றிலையைத் தடவிக்கொண்டே, கிடக்கட்டும் என்றார். சாயங்காலத்துக்குள் தெருவில் மூன்று பேர் துணியோடு வந்தார்கள். அத்தைதான் முதல் ஆள். பட்டி வேறு நிறத்தில் வைக்கட்டுமா என்றேன், அதே மாதிரிதான் வேண்டும் என்றாள்.

சனிக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்ததும் காரியக்காரர் வந்தார். நடவு இன்னும் பாக்கி இருந்தது, அவருக்கு ஆள் வேண்டும். வழக்கமாக நிற்கிற இடத்துக்கு நாலு அடி தள்ளி, வேலிக்கு வெளியே நின்றார். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் யாரையும் கூப்பிடாமல், கீழ மடைப் பக்கம் நடவு இருக்கிறது என்று வேலியைப் பார்த்துச் சொன்னார்.

உள்ளே அம்மா ரவிக்கையைக் கையில் எடுத்தாள். வயலுக்குக்கூடவா என்று நான் கண்ணால் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வர்றோம்ங்க. கொஞ்சம் நில்லுங்க, ரவிக்கய மாட்டிக்கிட்டு வர்றேன்."

அவர் நின்றார். அம்மா கீழேயிருந்து தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் தப்பாகி, அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவசரமே படவில்லை. ஐந்து கொக்கியும் ஏறி முடிகிற வரைக்கும் நான் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு, சிரிப்பு வெளியே கேட்டுவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன்.